ஹன்னாவுக்கு நான் கொடுத்த தாய்மாமன்

வெள்ளிக்கிழமையோடு இந்த மேசையை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். எல்லோர் முன்னாலும் நின்று நாலு வார்த்தை பேசச் சொன்னால் நான் பின்படியால் இறங்கிப் போய்விடுவேன் என்பது மேடத்துக்குத் தெரியும். அதனால்தான், "அண்ணே, பேச வேணாம். எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார். எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன் நான். வசனம் எங்காவது பிசகியிருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களின் முன்னோரைத் தேடிக் கொடுக்கிற வேலைக்கு வருவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அகதியாக இந்த ஒக்லாந்துக்கு வந்து இறங்கிய பிறகு பக்கத்தில் புக்கெகோஹியில் வருடக்கணக்காகக் கரட் கழுவிப் பெட்டியில் அடுக்கினேன். முதுகு விட்டுப்போனதும் ஒடாஹுஹுவில் இந்த மாடியைக் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. ஒருநாள் மேடம் ஒரு பழைய உயிலின் படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். துடைப்பத்தோடு பின்னால் நின்ற நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "மேடம், கீழே மூன்றாவது வரியிலும் இதே எழுத்து இருக்கு" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். மேடம் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட ஆறு வயது இளையவர். "அண்ணே, இங்கிலீஷ் படிப்பீங்களா?"

"இல்லை மேடம்."

"அப்புறம் எப்படி கண்டுபிடிச்சீங்க?"

"படிக்கத் தெரியாது. அதுதான் எழுத்தைப் பார்த்தனான்."

அவர் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மொழி தெரிந்தவர்கள் ஒரு சொல்லின் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் மிச்சத்தை ஊகித்துவிடுகிறார்கள், என்னால் ஊகிக்க முடியாது, அதனால் கடைசி எழுத்துவரை பார்க்கிறேன் என்று அவர் பிறகு எனக்கு விளக்கினார். அன்று அந்த நாற்காலியை இழுத்துப் போட்டதற்கு நான் அவருக்கு இன்றுவரை ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. இந்தத் தாளில் சொல்லிவிடுகிறேன்.

என் ஆங்கிலம் முழுவதும் இந்த அலுவலகத்தில், பழைய பத்திரங்களைப் பார்த்துக் கற்றது. டெய்ரி என்கிற மூலைக்கடைக்குப் போய் "மேற்சொன்ன பால்" என்று கேட்கிற ஒரே மனுஷன் அப்பாதான் என்று என் மகள் சொல்வாள். அதையும் ஆங்கிலத்தில்தான் சொல்வாள்.

நான் செய்த சரிகளைப் பற்றி மேடம் உங்களிடம் தேவைக்கு அதிகமாகவே சொல்லியிருப்பார். நான் செய்த பெரிய பிழையைச் சொல்கிறேன். அது உங்களுக்கு அதிகம் உதவும்.

பாபகூராவிலிருந்து ஐலீன் என்று ஒரு பெண்மணி வந்தார். எழுபது தாண்டியவர், வெள்ளைக்காரர், வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பேர் சொல்லிக் கூப்பிடு என்று எத்தனையோ தடவை சொன்னார். எனக்கு வரவில்லை. அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். அவரும் பிறகு விட்டுவிட்டார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு அது என் நினைவில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய தங்கை மோரீன் அந்த வருடம் இறந்துபோயிருந்தார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். அவர்களிடம் ஒரு பழைய பைபிளின் முதல் தாள் இருந்தது. அம்மாவிடமிருந்து மகளுக்கு, அந்த மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று பெண்வழியாகவே வந்த தாள். அதில் மேலே முதல் பெயர் ஹன்னா. பக்கத்தில் யாரோ "பென்சில்வேனியா, ஐரிஷ் பெண்" என்று எழுதியிருந்தார்கள். அமெரிக்கா தனி நாடாவதற்கு முந்திய காலம். ஹன்னாவின் வம்சத்தில் வந்த ஒருத்தி ஒரு மாலுமியைக் கட்டிக்கொண்டு ஒக்லாந்து வந்து இறங்கினாள். அவளிலிருந்து இவர்கள்.

"மோரீன் சாகிறதுக்கு முந்தி ஒண்டே ஒண்டு கேட்டவள்," என்றார் ஐலீன் அன்ரி. "ஹன்னாவின்ரை தாய் எந்த மண்ணிலை இருந்து வெளிக்கிட்டாளோ, அங்கை என்ரை சாம்பலைக் கொண்டுபோய் வை எண்டு. எனக்கும் வயசு போகுது. நீ ஊரைக் கண்டுபிடி. நான் கொண்டுபோறன்."

கேட்டது அவ்வளவுதான். ஒரு ஊரின் பெயர்.

ஏழு மாதம் தேடினேன். எப்படித் தேடினேன் என்பது உங்களுக்குத் தெரிந்த வேலை, விட்டுவிடுகிறேன். கிடைத்தவை மட்டும் சொல்கிறேன். ஹன்னாவின் திருமணப் பதிவில் பெண்ணின் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னவர் டேனியல் என்ற ஒரு பண்ணைக்காரர். ஹன்னா தன் மூத்த மகனுக்கு வைத்த பெயர் டேனியல். திருமணத்துக்கு மூன்று வாரம் முந்தி அந்த டேனியல் தன் கையால் எழுதிய ஒரு சின்னத் தாள்: "ஹன்னா இந்த வீட்டை விட்டுப் போகும்போது பெற்றுக்கொண்டவை. ஒரு பசு. ஒரு கட்டில். ஒரு நூற்கும் ராட்டை. இரண்டு உடுப்பு, ஒன்று புதியது." இவற்றோடு டேனியலின் கல்லறைக் கல்லில் அவர் அயர்லாந்தில் பிறந்த ஊரின் பெயர் பளிச்சென்று வெட்டியிருந்தது.

நான் அன்று வீட்டுக்குப் போய் வசந்தியிடம் சொன்னேன். வசந்தி என் மனைவி. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை.

"இதிலை என்னப்பா யோசிக்கக் கிடக்கு? கலியாணத்துக்குப் பக்கத்திலை நிண்டிருக்கிறார். பசுவும் கட்டிலும் குடுத்திருக்கிறார். பிள்ளைக்கு அவற்ரை பேரை வச்சிருக்கினம். தாய்மாமன்தான். வேறை ஆர் செய்வினம்?"

மறுநாள் பிரபுவிடம் தாளைக் காட்டினேன். இப்போது உங்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரபு அப்போது சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மதுரைக்காரர். பட்டியலை வாசித்ததும் மேசையில் தட்டினார்.

"அண்ணே, இது சீர் வரிசைண்ணே! எங்க அக்கா கல்யாணத்துக்கு எங்க மாமா கொண்டாந்த மாதிரியே இருக்கு. பசுமாடு மட்டும்தான் இல்ல, அதுக்குப் பதிலா ஃப்ரிட்ஜு."

"அப்ப நீரும் தாய்மாமன் எண்டுதான் சொல்லுறீர்?"

"ஆமாண்ணே. இதுல என்ன சந்தேகம்?"

ஹன்னாவின் தாய்க்கு டேனியல் அண்ணன் அல்லது தம்பி. அப்படியானால் டேனியல் பிறந்த ஊர்தான் அந்தத் தாய் பிறந்த ஊர். கணக்கு அழகாக முடிந்தது. மேடம் அப்போது இங்கே இல்லை. அவருடைய அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஈப்போ போயிருந்தார். நம் அறிக்கையின் கடைசியில் மூன்று கட்டங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும்: நிச்சயம், அநேகமாக, தெரியாது. நான் "நிச்சயம்" என்ற கட்டத்தில் சரி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன்.

வேறு ஊர்க்காரர் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்திருந்தால் "ஏன் மாமா என்கிறாய்?" என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார். எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் கேள்வி வரவேயில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குப் பசுவும் கட்டிலும் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் நிற்கிறவன் யார் என்று எங்களை யாரும் கேட்கத் தேவையில்லை. எழுத்து எழுத்தாகப் பார்க்கத் தெரிந்தவன் என்று பேர் வாங்கிய நான், அந்த ஒரு தாளில் மட்டும் ஊகித்துவிட்டேன். எனக்கு அது ஊகம் என்றே தெரியவில்லை.

அறிக்கை கிடைத்ததும் ஐலீன் அன்ரி போனில் அழுதார். அடுத்த நாள் தன் தோட்டத்து ஃபீஜோவாப் பழம் ஒரு பை நிறையக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னார்.

அவர் புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மாதங்களுக்கு முந்தி அமெரிக்காவில் ஒரு பழைய ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டிருந்தேன். பதில் வராததால் மறந்தும்போயிருந்தேன். இப்போது படத்தோடு வந்திருந்தது. ஹன்னா இருந்த ஊரில் ஏழைகளைக் கவனிக்கும் அதிகாரிகள் எழுதிய ஒரு ஒப்பந்தப் பத்திரம்.

அந்தக் காலத்தில் ஆதரவில்லாத பிள்ளைகளை ஊர் அதிகாரிகள் பத்திரம் எழுதி ஒரு வீட்டுக்காரரிடம் ஒப்படைப்பார்கள். பிள்ளை பதினெட்டு வயதுவரை அந்த வீட்டில் வேலை செய்ய வேண்டும். வீட்டுக்காரர் சோறும் உடுப்பும் கொடுக்க வேண்டும். தவணை முடிந்து பிள்ளை வெளியேறும்போது இன்னின்ன பொருள் கொடுக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும். இந்தப் பத்திரத்தில் பிள்ளையின் பெயர் ஹன்னா. வயது சுமார் ஆறு. வீட்டுக்காரரின் பெயர் டேனியல். தவணை முடிவில் கொடுக்க வேண்டியது: ஒரு பசு. ஒரு கட்டில். ஒரு நூற்கும் ராட்டை. இரண்டு உடுப்பு, ஒன்று புதியது.

அதே வரிசை. ஒரு சொல் மாறவில்லை.

டேனியல் ஹன்னாவுக்கு ஒரு உறவும் இல்லை. அவர் அவளுடைய எசமான். நான் சீர் என்று நினைத்தது, பன்னிரண்டு வருட வேலைக்கு அவர் கொடுத்தே தீர வேண்டியது. இனி இரண்டு கிழமையில் மோரீன் தன்னுடைய ஆட்கள் ஒருவரும் இல்லாத ஒரு ஊரில், தன் குடும்பத்துப் பிள்ளையை வேலைக்கு வைத்திருந்தவரின் ஊரில், என் கையெழுத்தை நம்பிப் புதைக்கப்படப் போகிறார்.

இங்கே உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. ஒன்றரை நாள் அந்தப் பத்திரத்தை அச்சடித்து என் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். லாச்சியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கடைசியில் பிரபுவுக்குக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணே, ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சு. அவங்களுக்கு இந்தப் பேப்பர் இருக்கறதே தெரியாது."

"ஓம். தெரியாது."

"சந்தோஷமா கெளம்புறாங்க. போய்ட்டு வரட்டுமேண்ணே. யாருக்கு என்ன நஷ்டம்?"

தாளை வாங்கி மறுபடி லாச்சிக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்து வசந்தியைக் கேட்டேன். முதலில் அவளும் அதைத்தான் சொன்னாள். "அந்த மனுசி அழுது முடிச்சு இப்பதான் சிரிக்கிறா. அதைக் கெடுக்கப் போறியளே?" பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே நின்றவள் குழாயை மூடினாள். "என்ரை சாம்பலை ஆரும் இப்பிடிப் பிழையான இடத்திலை கொண்டுபோய் வச்சினமெண்டால், நான் உங்களை விடமாட்டன்" என்றாள். சிரிக்கவில்லை.

காலையில் ஈப்போவுக்குப் போன் எடுத்தேன். மேடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசினார். பின்னால் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ரிப்போர்ட்ல கையெழுத்து யாருது அண்ணே?"

"என்ரை, மேடம்."

"அப்ப நீங்கதான் போகணும். மெயில் போடாதீங்க. போன் வேணாம். நேர்ல போங்க. இன்னைக்கே."

"எனக்குக் கதைக்க வராது மேடம். உங்களுக்குத் தெரியும்தானே. நீங்கள் ஒருக்கால் போன் எடுத்து..."

"நான் எடுக்க மாட்டேன்லா. நான் எடுத்தா அது கம்பெனி பேசுற மாதிரி ஆயிடும். நீங்க நிறைய பேச வேணாம் அண்ணே. கதவு திறந்ததும் முதல் வாக்கியம், நான் தப்பு பண்ணிட்டேன். காரணம் சொல்லாதீங்க. சுத்தி வளைக்காதீங்க. அதைச் சொல்லிட்டு பேப்பரைக் கையில கொடுங்க. மிச்சத்தை அவங்க பேசுவாங்க. நீங்க கேளுங்க. கேட்கத்தான் உங்களுக்கு நல்லா வருமே."

வைக்கும் முன் ஒன்று கேட்டார். "அண்ணே, சாப்பிட்டீங்களா?" இல்லை என்றேன். "சாப்பிட்டுட்டுப் போங்க. வெறும் வயித்தோட தப்பைச் சொல்லப் போனா கை நடுங்கும். அவங்க உங்களைப் பார்த்துப் பாவப்படுவாங்க. அப்புறம் அவங்களுக்குக் கோபப்பட முடியாது."

இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிற ஒருவரிடம் வேலை செய்யக் கிடைத்தது என் அதிர்ஷ்டம். உங்களுக்கும் கிடைத்திருக்கிறது. பாணும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு ஒடாஹுஹு ஸ்டேஷனில் பாபகூரா ரயில் ஏறினேன். வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். எனக்கு எதிரே ஒரு ராணுவச் சீருடைக்காரப் பையன் இருந்தான். என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஐலீன் அன்ரி கதவைத் திறந்தார். உள்ளே கட்டிலில் சூட்கேஸ் விரித்தபடி இருந்தது. பக்கத்தில் நீல நிறப் பெட்டி ஒன்று. கேட்காமலே அது என்னவென்று தெரிந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஒத்திகை பார்த்த வாக்கியம் பாதிதான் வந்தது. ஆனால் வந்த பாதி சரியான பாதி. "நான் பிழை விட்டுட்டன்" என்றேன். தாளைக் கொடுத்தேன்.

நின்றபடியே வாசித்தார். பழைய கையெழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. நான் தட்டச்சில் எழுதிக்கொண்டுபோன பிரதியைக் கொடுத்தேன். அதை நாற்காலியில் இருந்து வாசித்தார்.

"இது எப்ப உன்ரை கைக்கு வந்தது?"

"முந்தாநாள் காலமை."

"முந்தாநாள்." அவர் தாளை மடியில் வைத்தார். "ரெண்டு நாள் என்ன செய்தனீ?"

"லாச்சிக்குள்ளை வச்சிருந்தனான்."

காரணம் சொல்லக் கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். நான் சொல்லவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. கழுத்துவரை சிவந்துவிட்டது.

"எனக்கு ஒரு மாமனைக் கொண்டுவந்து தந்தாய். அவற்ரை ஊரைத் தந்தாய். நான் அந்த ஊர்ப் படத்தைச் சமையலறையிலை ஒட்டி வச்சிருக்கிறன். ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு அந்தாளுக்கு நன்றி சொன்னனான். தாயில்லாப் பிள்ளையை வளர்த்துக் கட்டிக்குடுத்தாரே எண்டு. இப்ப வந்து அவன் வேலை வாங்கினவன் எண்டு சொல்லுறாய்."

"ஓம் அன்ரி."

"ஏன் தாய்மாமன் எண்டு எழுதினனீ?"

இது அவரே கேட்டது. அதனால் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு பெண் பிள்ளைக்கு இதையெல்லாம் செய்கிறவர் தாய்மாமன் என்று. மனைவியைக் கேட்டேன், அவளும் அதைத்தான் சொன்னாள் என்று. எங்களுக்கு வேறு ஒருவரையும் யோசிக்கத் தெரியவில்லை என்று.

அவர் மடியிலிருந்த தாளை எடுத்து மடித்தார். "அப்ப நீங்கள் எல்லாரும் சேர்ந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு சொந்தக்காரனைத் தேடிக் குடுத்திருக்கிறியள்" என்றார். கோபம் போகவில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது. "சமையலறைக்கு வா. கேத்தில் போடுவம்."

தேநீரோடு பத்திரத்தை இன்னொரு தடவை வரி வரியாகப் பார்த்தோம். ஹன்னாவுக்கு ஆறு வயது என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. அவருடைய பஸ்ஸில் ஆறு வயதுப் பிள்ளைகள் முதல் வரிசையில் இருப்பார்களாம். கால் தரையில் எட்டாதாம்.

"தாயின்ரை பேர் எங்கை?"

அதை நான் காட்டத்தான் வேண்டியிருந்தது. பத்திரத்தில் "இன்னாருடைய மகள்" என்று வர வேண்டிய இடத்தில் எழுதியவர் ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டிருந்தார். பிறகு கேட்டு எழுதலாம் என்று விட்டிருப்பார். எழுதவேயில்லை. வெற்றிடத்துக்குப் பிறகு, "இறந்துபோன ஓர் ஏழை ஐரிஷ் பெண்" என்று தொடர்ந்தது.

"இனித் தேடினால் கிடைக்குமா?"

இந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் எல்லா வாடிக்கையாளரும் கேட்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் கிடைக்கும் என்று சொல்லத் தோன்றும். நானும் அன்று அவரைத் தேற்ற எதையாவது கொடுக்க ஆசைப்பட்டேன். ஒருமுறை அப்படிக் கொடுத்ததால்தான் அந்தச் சமையலறையில் இருந்தேன். "தெரியாது" என்றேன். "நான் இன்னும் தேடுவன். ஆனால் தெரியாது."

அவர் தலையாட்டினார். எழுந்து போய்ச் சுவரிலிருந்த அயர்லாந்து ஊர்ப் படத்தை எடுத்தார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். நாலாக மடித்து என்னிடம் தந்தார். "இதை நீ வச்சிரு" என்றார். அது இப்போதும் என் மேசையில் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. மேசைக்கு வருகிறவர் அதை எடுத்துவிட வேண்டாம்.

மேடம் வந்த பிறகு அறிக்கையைத் திருத்திப் புதிதாக அனுப்பினோம். பயணத்தைத் தள்ளிப்போடும் வேலைகளையும் அவரே பார்த்துக்கொண்டார். அறிக்கை எதுவும் வெளியே போகுமுன் நம் ஊரவர் அல்லாத ஒருவர் அதை வாசிக்க வேண்டும் என்ற விதி அன்று வந்ததுதான். அதனால் வேலை இரண்டு நாள் தாமதமாகிறது என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. காரணம் நான்தான். மன்னியுங்கள், ஆனால் விதியை எடுத்துவிடாதீர்கள். இந்த வேலையில் நமக்குத் தெரியாதது நம்மை அவ்வளவாக விழுத்தாது, தேடிப் பார்ப்போம். சின்ன வயதிலிருந்தே தெரிந்ததுதான் விழுத்தும்.

ஐலீன் அன்ரி பிறகு அயர்லாந்து போனார், வெறும் கையோடு, சுற்றிப் பார்க்க. எல்லா இடமும் மழை என்று அலுவலகத்துக்கு ஒரு தபாலட்டை போட்டார். நான் இன்றுவரை ஹன்னாவின் தாயைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கண் பார்வை மங்கிவிட்டபடியால் அந்தக் கோப்பை உங்களில் ஒருவர் எடுக்க வேண்டும். "தெரியாது" என்ற கட்டத்தில் சரி போட்டு வைத்திருக்கிறேன்.

ஐலீன் அன்ரி அந்தப் பயணம் போகுமுன் ஒரு சனிக்கிழமை எனக்குப் போன் எடுத்தார். மோரீனைப் பாபகூரா மயானத்தில் தங்கள் அம்மாவின் குழியிலேயே வைக்கப் போவதாகச் சொன்னார். "தாய்வழியாப் போய்க்கொண்டே இருந்தால் எங்கை முடியுதெண்டு தெரியேல்லை. எங்கை தொடங்குதெண்டு தெரியும்தானே. அங்கை வைப்பம்." பிறகு, "நீ வந்து அந்தப் பத்திரத்தை வாசி" என்றார்.

"நானோ? அன்ரி, என்ரை இங்கிலீஷ்..."

"எங்கள் ஒருத்தருக்கும் அந்தக் கையெழுத்து வாசிக்கத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். ஹன்னாவைப் பற்றி எங்களிட்டை உள்ளது அது ஒண்டுதான். அந்தப் பழைய எழுத்திலை இருந்து வாசிக்கிறதைக் கேக்க வேணும்."

போனேன். வசந்தியும் வந்தாள். காற்று பலமாக இருந்தது. ஐலீன் அன்ரி, அவருடைய மகள் ரேச்சல், ரேச்சலின் மகள், இன்னும் நாலைந்து உறவுக்காரர்கள். பெட்டியை இறக்கிய பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்து வாசிக்கத் தொடங்கினேன். ஹன்னா, வயது சுமார் ஆறு என்று வாசித்தேன். இன்னாருடைய மகள் என்ற இடம் வந்தது.

அந்த வெற்றிடத்தை எப்படி வாசிப்பது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. தாண்டிப் போக மனம் வரவில்லை. நிறுத்திவிட்டேன்.

"டோரதி" என்றார் ஐலீன் அன்ரி. குழிக்குள் இருப்பவரின் பெயர், அவருடைய அம்மா.

கொஞ்சம் பொறுத்து ரேச்சல், "ஐலீன்" என்றார்.

அவருடைய மகள் முதலில் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "ரேச்சல்" என்றாள்.

நான் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வரிக்குப் போகலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் எல்லோரும் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐலீன் அன்ரி மெல்லத் தலையசைத்தார். என் அம்மாவின் பெயரை இந்த நாட்டில் எத்தனையோ படிவங்களில் எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

"கனகம்மா" என்றேன்.

ரேச்சலின் மகள் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சரியாகவே சொன்னாள். நான் விட்ட இடத்திலிருந்து வாசித்தேன்.